டீசல் பிக்கப்பா, பெட்ரோல் பிக்கப்பா? கணக்கு தப்பும் இடங்கள்

அமெரிக்காவில் பெரிய பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மைலேஜை. கணக்கு அங்கேயே தப்புகிறது. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற வண்டிகளில் டீசல் இன்ஜின் வேண்டுமென்றால் சுமார் 10,000 டாலர் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். அதைக் கடனில் எடுத்தால் வட்டி வேறு.

போட்டுப் பார்த்துவிடலாம். வருஷத்துக்கு 15,000 மைல் ஓட்டம். கேலனுக்குப் பெட்ரோல் வண்டி 13 மைல், டீசல் வண்டி 17 மைல் தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் விலை 3.20 டாலர், டீசல் 3.80. பெட்ரோலுக்கு ஏறத்தாழ 3,690 டாலர் ஆகும், டீசலுக்கு 3,350. மிச்சம் 340 டாலர்தான். போட்ட காசை எடுக்க 29 வருஷம்! ஃபெடரல் (மத்திய அரசு) வரியிலேயே டீசலுக்கு அடி விழுகிறது: ஒரு கேலன் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்.

இவ்வளவு கனமான எடைப் பிரிவு வண்டிகளுக்கு அரசின் மைலேஜ் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அதனால் டீலர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

அடுத்து, "டீசல் இன்ஜின் 3 லட்சம் மைல் ஓடும்" என்ற பேச்சு. ஓடலாம். செலவு வைப்பது பெரும்பாலும் இன்ஜினைச் சுற்றியுள்ள பாகங்கள். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். பள்ளிக்கூடம், கடை என்று குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். உயர் அழுத்த எரிபொருள் பம்ப் உடைந்தால் உலோகத் துகள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடும். வாரண்டி முடிந்திருந்தால் பில் பல ஆயிரம் டாலர். ஆயிலும் அதிகம்: ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலுக்கு 13 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்), 7.3 லிட்டர் பெட்ரோலுக்கு 8. அப்புறம் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவம், எரிபொருள் ஃபில்டர்கள்.

அதற்காக டீசலே வேண்டாம் என்பதும் தவறுதான். வாரா வாரம் கனமான டிரெய்லரை மலைச்சாலையில் இழுப்பவருக்கு அதன் இழுவிசையும் இறக்கத்தில் இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் இன்ஜின் பிரேக்கும் காசுக்கு மதிப்புள்ளவை. விற்கும்போதும் பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதல் விலை கிடைக்கும்.

பழைய டீசல் வண்டி வாங்கினால் அடியில் குனிந்து பாருங்கள். செலவுக்குப் பயந்து சிலர் அந்தப் புகைக்கரி வடிகட்டியையே கழற்றிவிடுகிறார்கள். அது சட்டவிரோதம், கலிஃபோர்னியாவின் ஸ்மாக் (வாகனப் புகை) சோதனையில் அந்த வண்டி தேறாது.