லினக்ஸில் ஒலி வரவில்லையா? டிரைவரைத் தேடி ஓடாதீர்கள்

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருகிறவர்கள், ஒலி வரவில்லை என்றதும் சவுண்ட் கார்டு நிறுவனத்தின் தளத்துக்குப் போய் டிரைவர் தேடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே லினக்ஸுக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் ஏதோ ஒரு பழைய கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, எழுதியதாக இருக்கும். அதைக் கம்பைல் செய்யப் போய்ப் பிழைச்செய்திகளோடு மல்லுக்கட்டுவதுதான் முதல் தவறு. 2003 டிசம்பரில் வெளிவந்த கெர்னலின் 2.6 பதிப்பிலிருந்தே ஆல்சா என்னும் ஒலி அமைப்பு அதற்குள் இருக்கிறது. மதர்போர்டில் வரும் எச்டி ஆடியோ சிப்களுக்கும், பெரும்பாலான யூஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கும் டிரைவர் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. டிரைவர் எங்கே கிடைக்கும் என்பதை விட்டுவிட்டு, ஒலி எந்தப் படியில் தடைபட்டு நிற்கிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் படி கெர்னல். டெர்மினலில் ஏபிளே கட்டளையோடு ஒரு கோடும் சிறிய எல்லும் சேர்த்து (aplay -l) இயக்கினால், கணினி கண்டுகொண்ட கார்டுகள் வரிசையாக வரும். கார்டு அங்கே தெரிந்தால் டிரைவர் வேலை செய்கிறது என்று பொருள். அதற்குப் பிறகும் டிரைவரை நோண்டுவது வீண். அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பல கணினிகளில் 0 என்ற எண்ணில் நிற்பது எச்டிஎம்ஐ வெளியீடு. ஸ்பீக்கர் 1 என்ற எண்ணில் இருக்கும். ஒலி ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு! அமைப்புகளில் வெளியீட்டுக் கருவியை மாற்றினால் முடிந்துபோகும் காரியம். இதற்காக இயங்குதளத்தையே மறுபடி நிறுவியவர்கள் இருக்கிறார்கள்.

அமைப்புகளில் உண்மையான கருவி எதுவும் இல்லாமல் 'டம்மி அவுட்புட்' மட்டும் தெரிகிறதா? இன்டெல் சிப் உள்ள அண்மைக்கால லேப்டாப் என்றால் முதலில் ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருளை, சந்தேகியுங்கள். இவற்றில் ஒலி ஒரு தனிச் செயலியின் வழியாகப் போகிறது. அதற்குச் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் வேண்டும். கெர்னலில் டிரைவர் இருந்தும் இந்தக் கோப்பு இல்லாவிட்டால் கார்டு எழுந்திருக்காது. ஆர்ச் போன்ற லினக்ஸ் விநியோகங்களில் இதை நாமாகவே நிறுவ வேண்டும். டெபியன் 12-க்கு முந்தைய நிறுவல் வட்டுகளிலும் இத்தகைய ஃபர்ம்வேர் தானாக வராது. கெர்னல் செய்திகளில் 'சோஃப்' (sof) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்று அங்கேயே எழுதியிருக்கும். படிக்காமல் விடுவதுதான் பிழை.

அடுத்தது ஒலி அளவுகளைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். டெர்மினலில் ஆல்சாமிக்ஸரைத் (alsamixer) திறந்தால் பல நேரங்களில் ஒரே ஒரு பட்டைதான் தெரியும். அதை முழுக்க ஏற்றிவிட்டு, 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று மூடிவிடுகிறார்கள். அது ஒலிச் சேவையகத்தின் பட்டை, அதாவது நிரல்களின் ஒலியை வாங்கிக் கார்டுக்கு அனுப்பும் மென்பொருளின் பட்டை; கார்டினுடையது அல்ல. எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று பட்டைகள் வரிசையாக விரியும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு கட்டம். அதில் 'எம்எம்' என்றிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. பட்டை உச்சியில் இருந்தாலும் பயனில்லை. எம் விசையை அழுத்தினால் அது 'ஓஓ' ஆக மாறும், வழி திறக்கும். வலது கோடியில் 'ஆட்டோ மியூட்' என்றொரு அமைப்பும் சில கார்டுகளில் உண்டு. ஹெட்ஃபோன் துளையில் ஏதோ செருகியிருக்கிறது என்று கார்டு தவறாக நம்பினால், அது ஸ்பீக்கரை ஊமையாக்கிவிடும்.

சேவையகப் படியில் நடக்கும் தவறு, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்னும் இரு சேவையகங்களையும் ஒருசேர இயக்கி இரண்டையும் ஒரே கார்டுக்காகச் சண்டையிட விடுவது. ஃபெடோரா 34 வெளிவந்த 2021 முதல் பைப்வயர் மெல்ல மெல்ல எங்கும் பரவிவிட்டது. அது இருக்கும் இடத்தில் பல்ஸ்ஆடியோவின் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் கருவிகளைக் கண்டு இணைக்கும் வயர்பிளம்பர் போன்ற மேலாளர் ஒன்று கூடவே இயங்க வேண்டும். பைப்வயரை மட்டும் நிறுவிவிட்டு நிறுத்திக்கொண்டால் கருவிகளே தெரியாது.

அப்புறம், நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சூடோ. ஒலி வராத கோபத்தில் பல்ஸ்ஆடியோவைச் சூடோவோடு இயக்குகிறார்கள். இந்தச் சேவையகங்கள் பயனருக்கு உரியவை, ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்கு அல்ல. அப்படி இயக்கினால் சில சமயம் ஹோம் அடைவில் உள்ள அமைப்புக் கோப்புகள் ரூட்டின் உடைமையாகிவிடும்; அதுவரை இல்லாத ஒரு புதுக் கோளாறு அன்றைக்குப் பிறக்கும்.

இதைவிடக் கெடுதலானது, பழைய குறிப்புகளிலிருந்து வரிகளை அப்படியே ஒட்டுவது. டிரைவருக்கான அமைப்புகளை எழுதும் மாட்ப்ரோப் கோப்பில் 'மாடல்' (model) என்ற அமைப்பு உள்ள வரியைச் சேர்க்கச் சொல்லும் அறிவுரை, குறிப்பிட்ட சிப்புக்கு எழுதியது. உங்கள் சிப் வேறு என்றால், வேலை செய்துகொண்டிருந்த ஹெட்ஃபோனும் போய்விடும். ஹோம் அடைவில் மறந்து கிடக்கும் ஆல்சாவின் பழைய அமைப்புக் கோப்பான ஏசவுண்ட்ஆர்சியும் (.asoundrc) இப்படித்தான்: சேவையகத்தைத் தாண்டி நேரே கார்டைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிரலில் மட்டும் ஒலி வராமல் செய்யும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சோதித்து, பயனில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, விண்டோஸுக்குப் போய்வந்த பிறகுதான் ஒலி நிற்கிறது என்றால், மேலே சொன்ன எதையும் தொட வேண்டாம். விண்டோஸ் கார்டை விட்டுச்சென்ற நிலை அப்படியே ஒட்டியிருக்கலாம். விண்டோஸில், முழுவதுமாக நிற்காமல் விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்து, கணினியை முழுவதுமாக நிறுத்தி, மின்இணைப்பையும் எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். மறுதொடக்கம் மட்டும் இதற்குப் போதாது.