மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்புதல்: வன்னிப் பெண்களுக்கான வழிகாட்டி

சத்திரசிகிச்சையும் கீமோவும் கதிர்ச்சிகிச்சையும் முடிந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்தோ மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்தோ வீடு திரும்பியவரிடம், "இனி எப்ப வேலைக்குப் போறீங்கள்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அதற்கு ஒரு திகதியைச் சொல்லிவிடுவதற்கு முன்னர், அந்த வேலை உங்கள் கையிடமும் களைத்த உடம்பிடமும் எதைக் கேட்கிறது என்பதைப் பார்ப்பதே முதற்காரியம்.

ஒரு கொப்பியை எடுத்து, விடியற்காலை தொடக்கம் வேலைநாளொன்றில் நீங்கள் செய்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுங்கள். "ஆடைத் தொழிற்சாலையில் வேலை" என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்குப் போதிய விளக்கம் கிடைக்காது. எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறீர்கள், பரந்தன் வரை நின்றபடியே போகவேண்டுமா, மேல்கம்பியை எந்தக் கையால் பிடிக்கிறீர்கள், தையல் இயந்திரத்தின் முன் எத்தனை மணிநேரம் இருக்கிறீர்கள் என்பவையெல்லாம் அதில் இருக்கவேண்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையும் விறகு கொத்துவதையும் விட்டுவிடாதீர்கள். "வீட்டில் சும்மா இருக்கிறா" என்று சொல்லப்படும் பெண்கள் தூக்கும் பாரம் சில வேளைகளில் வேலைத்தலத்துப் பாரத்தைவிட அதிகம். கொப்பியை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய், எதை இப்போதே செய்யலாம், எதைச் சில மாதங்கள் தள்ளிவைக்கவேண்டும், எதை வேறு விதமாகச் செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டிருந்தாலோ அவ்விடத்துக்குக் கதிர்ச்சிகிச்சை வழங்கப்பட்டிருந்தாலோ, அந்தப் பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரக்கூடும். அது சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் தொடங்கலாம். அதற்காகக் கையை மடித்துவைத்துக்கொண்டிருப்பது சரியன்று. சொல்லித்தந்த பயிற்சிகளைத் தொடர்ந்து, பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். வயல்வேலை செய்பவர் வேறொன்றையும் எண்ணிப்பார்க்கவேண்டும்: களை பிடுங்கும்போதும் கச்சான் பிடுங்கும்போதும் ஏற்படும் சிறு கீறல்கூட அந்தக் கையில் கிருமித்தொற்றாக மாறலாம். தடித்த கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணியுங்கள். காயம் பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவி மருந்திடுங்கள். சேற்றில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு என்பதால், காலபோகம் தொடங்குமுன் தடுப்பு மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேட்டுவையுங்கள். கதிர்ச்சிகிச்சை பட்ட தோலில் நேரடி வெயில் விழவிடக்கூடாது. உச்சிவெயிலுக்கு முன் வயலைவிட்டு ஏறிவிடுவது நல்லது.

சில கீமோ மருந்துகள் விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்யும். தையல் ஊசியும் கத்தியும் சூடான சட்டியும் அப்போது ஆபத்தானவை. களைப்போ தூங்கி எழுந்தாலும் தீராதது. அதைச் சோம்பல் என்று பேசும் மேற்பார்வையாளரும் உண்டு, மாமியாரும் உண்டு. இயலுமானால் முதலில் ஒன்றுவிட்ட நாட்களில் அரைநாள் வேலை செய்து, உடம்பு ஏற்றுக்கொள்வதைப் பார்த்துக் கூட்டுங்கள். வேலை முடிந்த மறுநாள் எழும்பவே முடியவில்லையென்றால் கூட்டிய அளவு அதிகம் என்று பொருள். மறதி இருந்தால் கணக்குகளை எழுதிவைத்து இரண்டாம் முறை சரிபாருங்கள்.

மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் திரும்பும் நாளுக்கு முன்பே அதிபரையோ முகாமையாளரையோ நேரில் சந்திப்பது நல்லது. நோயின் முழுக் கதையையும் சொல்லவேண்டியதில்லை. எதைச் செய்யக்கூடாது, எவ்வளவு காலத்துக்கு என்று வைத்தியர் எழுதிய கடிதமே போதும். கிளினிக் நாட்களையும் அப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். சிலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் ட்ராஸ்டுசுமாப் ஊசி பொதுவாக ஓராண்டு வரை செல்லும். முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைக்குப் போய்வர ஒரு முழுநாள் போய்விடும். ஒத்துக்கொண்டதை எழுத்தில் பெறுங்கள், ஏனென்றால் முகாமையாளர் மாறினால் வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும்.

நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பவர்தான் பல வீடுகளில் வேலைக்குத் திரும்பும் நாளைத் தீர்மானிக்கிறார் என்பது கசப்பான உண்மை. சிகிச்சை நடக்கும்போதே வைத்தியச் சான்றுடன் கடன் நிறுவனத்திடம் தவணையைத் தள்ளிப்போடும்படி எழுத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளருக்கான உதவிப்பணம் பற்றியும் விசாரியுங்கள். வயலுக்கே போவதானால், நாற்று நடுகைக்குப் பதிலாக விதைநெல் துப்புரவாக்குவது போன்ற நிழலில் இருந்து செய்யும் வேலையை மாற்றித்தரும்படி உடன் வேலைசெய்பவர்களிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிலர் உங்கள் கையால் தேநீர் வாங்கத் தயங்கக்கூடும். புற்றுநோய் தொற்றாது, வெளியிலிருந்து கொடுக்கப்படும் கதிர்ச்சிகிச்சைக்குப் பின் உடம்பில் கதிர் தங்குவதும் இல்லை. இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் சிகிச்சை மாத்திரைகள் ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரை தொடரும். வேலைப்பளுவில் அவற்றை விட்டுவிடக்கூடாது. உடம்பு கொதிப்பதும் மூட்டு நோவும் வேலையைக் குழப்பினால் கிளினிக்கில் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகியவற்றில் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.