அணைப் பணியாளர் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவிலுள்ளது உடைந்தது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். அதை இயக்குவது தமிழ்நாடு. வெள்ளம் போய்ச் சேர்ந்தது திருச்சூர் மாவட்டத்துக்கு.

இப்படிப்பட்ட வேளையில் எந்த அணையிலும் முதலில் ஷட்டரருகே நிற்கப்போகிறவர் பொறியாளர் அல்லர். இரவுப் பணியிலுள்ள லஸ்கர்தான், அதாவது ஷட்டரையும் நீர்மட்டத்தையும் கவனிக்கும் கடைநிலைப் பணியாளர். பயிற்சி வகுப்புக்கு அவரை யாரும் அழைப்பதில்லை. முதல் தவறும் பெரிய தவறும் அதுவே.

அழைத்தாலும் ஏசி அறையில் உட்காரவைத்துப் படம் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஷட்டரை அணைமேல் நின்றுதான் கற்க வேண்டும். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் கையால் சுற்றித் தூக்க எத்தனை பேர் வேண்டும், ஓர் அடி உயர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அவர்களே செய்து பார்த்து எழுதிவைக்கட்டும். பரம்பிக்குளத்தில், ஷட்டரைத் தூக்க உதவும் எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்ததாக அப்போது சொல்லப்பட்டது. சங்கிலியில் துரு எங்கே பிடிக்கும் என்பதைத் தொட்டுக் காட்டாத பயிற்சிக்குச் சான்றிதழ் ஒரு கேடா?

கசிவுநீர் அளப்பதிலும் இதே கதைதான். கசிவு ஓடும் சிறு வாய்க்காலில் ‘வி’ வடிவில் வெட்டிய தகடு பொருத்தியிருப்பார்கள். தகட்டின் விளிம்பிலேயே பலர் நீர்மட்டத்தைப் படிக்கிறார்கள். அங்கே நீர் வளைந்து இறங்குவதால் அளவு குறைவாகத் தெரியும். நீர் வரும் பக்கத்தில் சற்றுத் தள்ளியிருக்கும் அளவுகோலைத்தான் பார்க்க வேண்டும். வெட்டு 90 பாகை என்றால், 5 செ.மீ. மட்டத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 46 லிட்டர். 10 செ.மீ. என்றால் 92 என்று நினைப்பது இயல்பு. உண்மையில் சுமார் 260 லிட்டர். இது தெரியாதவர் ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். மண் அணையில் கசிவு கலங்கலாக வந்தால் அளவு குறைவாக இருந்தாலும் உடனே மேலே சொல்ல வேண்டும். தகட்டில் பாசியோ இலையோ சிக்கியிருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

அலகுகளை அவசரமாகக் கடந்துபோவது இன்னொரு தவறு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையருகே ஆழியாற்றிலுள்ள மணக்கடவில் தமிழ்நாடு கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி) கொடுக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஒரு டிஎம்சி என்பது விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடும் நீர். 7.25 டிஎம்சியைச் சீராக விட்டால் ஆண்டு முழுவதும் விநாடிக்குச் சுமார் 230 கன அடி. பொள்ளாச்சியில் இருப்பவருக்கும் பாலக்காட்டுச் சித்தூரில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக வந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

ஆனால் இரு மாநிலத்தாரையும் தனித்தனியே உட்காரவைக்கிறோம். மணக்கடவு அளவுகோலை இருவரும் சேர்ந்து நின்று படித்துப் பழக வேண்டும். அவசரகாலத் திட்டத்தின் தொலைபேசிப் பட்டியலை வகுப்பிலேயே ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். மாறுதலாகிப் போனவர்களின் எண்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். எல்லையில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் தமிழ் படிக்கத் தெரியும் என்றும் எண்ண வேண்டாம். சித்தூர் வட்டாரத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைய. அறிவுறுத்தல் தாள் இரு மொழியிலும் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அச்சடிப்பது காகிதச் செலவு.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச்சில் அவசரமாக ஒரு வகுப்பு நடத்திக் கணக்கு முடிப்பது வழக்கமாகிவிட்டது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம். மே மாதத்தில் அந்த முன் ஆய்வு நடக்கும்போதே லஸ்கர்களையும் உடன் அழைத்துச் சென்றால் தனியாக ஒரு வகுப்பறைக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை.