15 வயதுக் காரை நம்பி வாங்கலாமா? ஓட்டியவர்களிடம் கேட்க வேண்டியதும் நாமே பார்க்க வேண்டியதும்

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். 2019 பிப்ரவரியில் 2007 மாடல் பெட்ரோல் செடான் ஒன்றை 1,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது மீட்டரில் 92,000 கிலோமீட்டர் இருந்தது. இப்போது 1,51,000 தாண்டிவிட்டது. வாங்கிய நாளிலிருந்து அதற்குச் செலவான ஒவ்வொரு ரூபாயையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வருகிறேன். பெட்ரோலையும் இன்சூரன்ஸையும் விட்டுவிட்டுப் பார்த்தால் முதல் வருடம் 41,300 ரூபாய். இரண்டாம் வருடம் 8,600. மூன்றாம் வருடம் 6,200.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் இந்த மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். முந்தைய ஓனர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட வேலையெல்லாம் முதல் வருடத்தில் நம் தலையில் வந்து விழும். அதைச் செய்து முடித்துவிட்டால் வண்டி அமைதியாக ஓடும். அதனால் கையில் 1,75,000 இருந்தால் 1,35,000-க்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். மீதிப் பணம் வண்டிக்கு உள்ளேதான் போகப் போகிறது.

வாங்குவதற்கு முன் மூன்று மாதம், அதே மாடல் வைத்திருந்த 7 பேரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பெட்ரோல் பங்கில், கம்பெனி வாசலில், ஒருமுறை கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்ற வண்டிக்காரரிடம். முதல் ஆளிடம் "வண்டி எப்படிங்க?" என்று கேட்டேன். "தங்கமான வண்டிங்க, ஒரு தொந்தரவும் இல்லை" என்றார். பேச்சு வளர்ந்த பிறகு "கடைசியா எதுக்குங்க செலவு பண்ணினீங்க?" என்றேன். ரேடியேட்டர் மாற்றியது, ஏ.சி. கூலிங் காயில் மாற்றியது, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் புஷ் (ரப்பர் உறை) போட்டது என்று வரிசையாகச் சொன்னார். அவர் முதலில் பொய் சொல்லவில்லை. பிடித்துப்போன வண்டிக்குச் செய்த செலவு அவருக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கேள்விகளை மாற்றிக்கொண்டேன். எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்றினீர்கள், எவ்வளவு ஆனது? வண்டி எங்கேயாவது நடுவழியில் நின்றிருக்கிறதா, என்ன காரணம்? மே மாதம் மத்தியானம் ஏ.சி. போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது ஹீட் முள் எங்கே நிற்கும்? ஸ்பேர் சொன்னால் எத்தனை நாளில் வருகிறது? இந்த நான்கு போதும். அதோடு அவர் எந்த மெக்கானிக்கிடம் விடுகிறார் என்றும் கேட்டு வையுங்கள். அந்த மாடலைப் பல வருடம் பிரித்துப் பார்த்த ஒரு கை, பின்னால் உங்களுக்கு ரொம்ப உதவும்.

7 பேர் சொன்னதையும் எழுதி வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவானது. பத்து வருடம் தாண்டிய வண்டியில் முதலில் போவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். ரேடியேட்டர் ஹோஸ், ரேடியேட்டரின் மேல்புறப் பிளாஸ்டிக் தொட்டி, இன்ஜின் மவுண்ட், புஷ்கள், கதவு பீடிங். ஏழு பேரில் ஒருவர்தான் இன்ஜின் பிரித்தவர். அவரும் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போன பிறகு "வீடு பக்கம்தானே" என்று ஓட்டி, இன்ஜினின் மேல்பாகத்தை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கட் போய்ப் பிரித்தவர். மற்ற ஆறு பேரின் இன்ஜினும் மூடியபடியே ஓடிக்கொண்டிருந்தது. பழைய பெட்ரோல் இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. வண்டி பார்க்கப் போன இடத்திலெல்லாம் முதலில் இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பக்கத்தைத்தான் பார்த்தேன்.

கிலோமீட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழு பேரில் ஒருவர் டாக்ஸி ஓட்டும் அண்ணன், மீட்டரில் 2,80,000. இன்னொருவர் ரிட்டயர்ட் அதிகாரி, 12 வருடத்தில் 38,000 மட்டும். எல்லோரும் இரண்டாவது வண்டிக்குத்தான் ஆசைப்படுவார்கள், நானும் ஆசைப்பட்டேன். ஆனால் டாக்ஸி அண்ணன் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில்களைக் காட்டினார். அதிகாரியின் வண்டியில் டயர்கள் பார்க்கப் புதிதாக இருந்தன, பக்கவாட்டில் மட்டும் நூல் நூலாக வெடிப்பு. டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2310 என்றிருந்தால் 2010-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. அவருடைய நான்கு டயரும் 2010. பிரேக் ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. நின்றே கிடந்த வண்டிக்கும் வயதாகிறது. குறைந்த கிலோமீட்டருக்காகக் கூடுதலாக 50,000 கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்.

சரி, வண்டி பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

காலையில் போங்கள். முந்தின நாளே போனில் "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க" என்று சொல்லுங்கள். போனவுடன் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஜில்லென்று இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூடான இன்ஜினில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே பச்சையோ சிவப்போ கலரில் கூலண்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) தெளிவாக இருக்க வேண்டும். செம்மண் நிறத்தில் இருந்தால் பல வருடம் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே துரு பிடித்திருக்கிறது. அடுத்து இன்ஜின் ஆயில் மூடி. அதன் அடிப்பக்கத்தில் பால் திரிந்த மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

இப்போது ஏ.சி. போடாமல் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றக் கூடாது. அவிநாசி பக்கம் ஒரு புரோக்கர் காட்டிய வெள்ளை வண்டி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட் கவர் புதுசு. சாவியைத் திருப்பியதும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. நான் கூட்டிப் போயிருந்த மெக்கானிக் தம்பி மெதுவாக என்னிடம், "அக்கா, ஃபேனை டைரக்ட் பண்ணியிருக்காங்க. தெர்மோஸ்டாட்டும் எடுத்திருப்பாங்க, வேண்டாங்க்கா" என்றான். ஹீட் ஆகிற வண்டிக்குக் காரணத்தைத் தேடாமல், ஃபேன் எப்போதும் ஓடும்படி வயரை இணைத்துவிடுவது நம் பட்டறைகளில் பல காலமாக நடக்கிற வேலை. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அதையும் எடுத்துவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றால், அந்த வண்டிக்கு ஏதோ ஒரு கோடையில் ஹீட் பிரச்சினை வந்திருக்கிறது. நாங்கள் ஓட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினோம்.

ஸ்டார்ட் ஆகும்போது ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். நீலப் புகை குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது தாங்கக்கூடிய செலவு. ஓடும்போதும் நீலப் புகை தொடர்ந்தால் விட்டுவிடுங்கள். பிறகு ஏ.சி.யை முழுதாக வைத்து, நின்ற இடத்திலேயே 20 நிமிடம் ஓடவிடுங்கள். உடன் வந்தவர்கள் அவசரப்படுத்துவார்கள், பொருட்படுத்த வேண்டாம். ஹீட் முள் பாதிக்குக் கீழோ பாதியிலோ ஒரே இடத்தில் நிற்க வேண்டும், மேலே ஏறவே கூடாது.

கிளட்சுக்கு ஒரு சோதனை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் உறுமினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது.

டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதாமல் நேரம் தவறாமல் இயங்க, சில வண்டிகளில் ரப்பர் பெல்ட், சில வண்டிகளில் இரும்புச் செயின். மாருதி எஸ்டீம், ஹூண்டாயின் பழைய ஆக்சென்ட் பெட்ரோல் எல்லாம் பெல்ட். 2008-இல் வந்த ஹோண்டா சிட்டி ஐ-விடெக் செயின். பெல்ட் என்றால் பொதுவாக 80,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள், அல்லது 5 வருடத்தில் மாற்ற வேண்டும். சரியான கணக்கு அந்தந்த வண்டியின் ஓனர் மேனுவலில் இருக்கும். அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை வளைத்துவிடும். அறுவதற்கு முன் சத்தமோ அறிகுறியோ பெரும்பாலும் இருக்காது. செயின் இருக்கிற வண்டியில் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயின் தொய்ந்து காலையில் கரகரவென்று சத்தம் வரும்.

என் வண்டியை விற்றவர் "பெல்ட் போன வருசம்தாங்க மாத்தினது" என்றார். பில் இல்லை. பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய இரண்டாம் நாள் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதோடு வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றினேன். கூலியோடு 9,400 ரூபாய். கழற்றிய பெல்ட்டின் முதுகில் குறுக்கே வெடிப்புகள் இருந்தன. அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். அதே முதல் மாதத்தில் எல்லா ரேடியேட்டர் ஹோஸும், மூடியும், தெர்மோஸ்டாட்டும், கூலண்டும் மாற்றினேன். பிரேக் ஆயில், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக், பேட்டரி, முன்பக்க புஷ்கள், லிங்க் ராடு. 41,300-இல் பெரும்பகுதி இதுதான். ஏ.சி.யை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன்.

ஸ்பேர் கிடைப்பதையும் யோசித்து மாடலைத் தேர்ந்தெடுங்கள். ஷெவ்ரோலே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தியை முடித்தது. அந்த வண்டிகளில் அருமையாக ஓடுபவை நிறைய உண்டு. வாங்கலாம், ஆனால் அதே மாடல் வைத்திருப்பவரிடம் ஹெட்லைட்டும் பம்பரும் எங்கே வாங்குகிறார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும். அங்கே கண்ணாடி, கதவு, ஸ்விட்ச் வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் லோன் பதிவு இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் (கடன் தீர்ந்தது, ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. நான் 2022 ஆகஸ்டில் கட்டினேன். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். சென்னைப் பதிவெண் வண்டி என்றால் 2015, 2023 வெள்ளங்களை நினைத்துக்கொண்டு பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் தண்ணீர் நின்ற கோடும் சேறும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் என் வண்டி ஒருமுறை நின்றது. 2022 மே, ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் வழி. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, 17-வது தாண்டியதும் இன்ஜின் அப்படியே அணைந்தது. அம்மாவும் உடன் இருந்தார். ஹீட் முள் சரியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. ஊர் திரும்பி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெட்ரோல் பம்ப் என்று சொல்லி 6,800 ரூபாய்க்கு மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடியும் நின்றது. கடைசியில் அந்த மெக்கானிக் தம்பிதான், இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் காரணம் என்று கண்டுபிடித்தான். சென்சார் 1,150 ரூபாய். பழசானால் சூட்டில் சிக்னல் விட்டுப்போகும், ஆறினால் மீண்டும் வேலை செய்யும். அவன் சொல்லிக்கொடுத்த அடையாளம் ஒன்று: செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் முதலில் அந்தச் சென்சாரைப் பாருங்கள். சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுகிற பழைய வண்டிக்குப் பம்ப் மாற்றச் சொன்னால் இதைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். எனக்கு அந்த 6,800 இன்றும் மனத்தில் உறுத்துகிறது.

எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார்கள். இன்ஜினோ கியர்பாக்ஸோ போனால்கூடச் செலவு செய்து காப்பாற்றலாம். பாடி துரு பிடித்தால் காப்பாற்றுவது கடினம். வருடம் ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் வாட்டர் சர்வீஸில் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடம், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இந்த முறை பெட்ரோல் ஹோஸ்களையும் சேர்த்துக்கொண்டேன். பங்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது, என் வண்டியின் ரப்பர் 2007-இல் அதற்காகச் செய்ததில்லை. ஒரு ஹோஸின் முனையில் ஈரம் தெரிந்தது, நான்கையும் மாற்றிவிட்டேன். 1,900 ரூபாய். அடியில் துரு இன்னும் இல்லை. 2027 ஆகஸ்டில் ஆர்.சி. மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதற்கான 10,000-ஐ இப்போதிருந்தே மாதம் 500 வீதம் ஒதுக்கி வைக்கிறேன்.