மெத்தடாலஜி எழுதுறது எப்படி: ராம்நாடு கடலோரத்துல ஃபீல்டு ஒர்க் பண்ற பிள்ளைகளுக்கு

ப்ராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சிங்க நிறைய பேரு மெத்தடாலஜிய, அதாவது ஆய்வ எப்படி செஞ்சோம்னு சொல்ற பகுதிய, பைண்டிங் குடுக்குறதுக்கு மொத நாள் உக்காந்து சீனியர் ரிப்போர்ட்ட பாத்து எழுதுறீங்க, தயவுசெஞ்சு வேணாம். ஃபீல்டுக்கு போயிட்டு வந்த ராத்திரியே எழுதிருங்க. அத படிச்சுட்டு அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளை அதே கரைக்கு போயி அதே வேலைய செய்ய முடியணும், இந்தப் பகுதி இருக்குறதே அதுக்குத்தான்.

இடத்துக்கு "ராமநாதபுரம் கடற்கரை"ன்னு மட்டும் போட்டா பத்தாது. பாம்பனுக்கு வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா, வாடைக்காத்து அடிக்கிறப்ப வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியா கெடக்கும், அதனால எந்தப் பக்கம், எந்த ஊரு, எந்த இறங்குதளம்னு எழுதணும். தேதியும் அப்டித்தான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, அந்த நேரத்துல மீன் வரத்து எடுத்துட்டு அத சொல்லாம விட்டா படிக்கிறவங்க கடல்ல மீனே இல்லன்னு நெனச்சுக்குவாங்க.

அளந்த விதத்த எழுதுறப்பதான் ரொம்ப கவனம் வேணும். மண்டபம் பக்கம் பாசி எடுக்குற அக்காமார்கிட்ட டேட்டா எடுத்துட்டு "பாசி எடை போடப்பட்டது"ன்னு ஒரே வரில முடிச்சிர்றாங்க. ஈரப்பாசியா காஞ்சதா? காஞ்சா எடை பல மடங்கு எறங்கிரும், அப்ப உங்க கிலோவுக்கு என்ன அர்த்தம்? இப்டி எழுதுங்க: "மரிக்கொழுந்து பாசில ஒட்டியிருந்த மண்ணையும் சிப்பியையும் தட்டி, கூடையில 10 நிமிஷம் தண்ணி வடிய வச்சு, ஸ்பிரிங் தராசுல எடை பாத்தோம், 2 நாள் வெயில்ல காய வச்சு திரும்பவும் பாத்தோம்." மீனுக்கும் இதேதான், பெட்டிக்கணக்குல சொன்னா ஒரு பெட்டி எத்தன கிலோன்னு நீங்களே நிறுத்துப் பாத்து போடுங்க.

அப்பறம் "30 பேர் ரேண்டமா (குலுக்கல் முறைல) தேர்ந்தெடுக்கப்பட்டாங்க"ன்னு ஒரு வரி எல்லா ரிப்போர்ட்லயும் வரும். அன்னைக்கு கரையில இருந்தவங்ககிட்ட கேட்டீங்கன்னா அது கன்வீனியன்ஸ் சாம்பிளிங் (கெடச்சவங்கள வச்சு எடுக்குறது), அப்டியே எழுதுங்க, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ரேண்டம்னு போட்டா வைவால (வாய்மொழித் தேர்வுல) வெளிலேருந்து வர்ற எக்ஸ்டெர்னல் "மொத்தப் பேரோட லிஸ்ட் எங்க, சீட்டு குலுக்குனீங்களா?"ன்னு கேப்பாரு. நெசமாவே ரேண்டமா வேணும்னா மீனவர் சங்கத்துல உறுப்பினர் லிஸ்ட் கேட்டு வாங்கி குலுக்குங்க.

பேசுனவங்ககிட்ட சம்மதம் எப்டி வாங்குனீங்கன்னு கட்டாயம் எழுதணும். மன்னார் வளைகுடால இருக்குற 21 தீவும் தேசியப் பூங்காக்குள்ள வருது, அதனால எந்தத் தீவுல பாசி எடுத்தோம்னு சொல்ல பாசி எடுக்குறவங்களுக்கு பயம் இருக்கும், நம்மள நம்பி சொல்றாங்க, அதனால பேரோ ஆள அடையாளம் காட்டுற எதுவுமோ ரிப்போர்ட்ல வரக்கூடாது.

டேட்டாவ கணக்கு பாத்தது எக்செல்லா எஸ்பிஎஸ்எஸ்ஸா (புள்ளியியல் சாஃப்ட்வேர்), என்ன புள்ளியியல் டெஸ்ட், ஏன் அந்த டெஸ்ட், ரெண்டு வரி போதும். வந்த ரிசல்ட்ட இங்க கலக்காதீங்க. எழுதி முடிச்சதும் ஃபீல்டுக்கு வராத ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுத்து என்னென்ன செய்யணும்னு வரிசையா சொல்லச் சொல்லுங்க, எங்க முழிக்கிறாங்களோ அங்க இன்னும் எழுதணும். கேள்வித்தாள பின்னாடி சேக்குறப்ப இங்கிலீஷ் மட்டும் வைக்காம, கரையில நீங்க வாயால கேட்ட தமிழ்க் கேள்வியவும் அப்டியே சேத்துருங்க.