ஜார்ஜியன் வீட்டு வரிசைய எப்படி வரையறது (லயத்துல பொறந்தவன் சொல்றேன்)

பக்கத்து லோரோங் அக்கா மவன் ஈப்போவுல டிப்ளோமா படிக்கிறான், போன ஞாயித்துக்கெழம வந்து "மாமா, ஜார்ஜியன் டெரஸ் எலிவேஷன் நாளைக்கு குடுக்கணும்"னு நின்னான். டெரஸ்னா ஒட்டு வீட்டு வரிச, எலிவேஷன்னா முன்னாடிலேர்ந்து நேரா பாக்கற படம். சுங்கை சிப்புட்ல முப்பது வருஷம் கடைக்கும் தமான் வீட்டுக்கும் பிளான் போட்ட கை இது, அவனுக்கு சொன்னத இங்கயும் எழுதி வைக்கிறேன், வேற யாருக்காச்சும் ஒதவும்.

ஜார்ஜியன்னா இங்கிலாந்துல ஜார்ஜ்னு பேரு வச்ச நாலு ராஜா வரிசையா ஆண்ட காலம், 1714லேர்ந்து 1830 வரைக்கும். நான் படிக்கறப்ப இத வரைஞ்சு எல்லா மாடிக்கும் ஒரே அளவு ஜன்னல் வச்சு குடுத்தேன், லெக்சரர் பாத்துட்டு "இது என்ன லயமா?"ன்னாரு, கிளாஸே சிரிச்சிச்சு. லயத்துலேர்ந்து, அதாவது எஸ்டேட்டு தொழிலாளிங்க வீட்டு வரிசையிலேர்ந்து, போனவன் நான் ஒருத்தன் தான். வலிச்சாலும் அவரு சொன்னதுல விஷயம் இருந்துச்சு. லயமும் ஒட்டு வீட்டு வரிச தான், ஆனா அது ஒரு வீட்ட போட்டு அதையே திருப்பி திருப்பி ஒட்டுனது. இது அப்படி இல்ல, மொதல்ல ஒரு அரமனைய வரைஞ்சு அப்புறம் அத வீடு வீடா பிரிச்சு வித்தது.

அதனால தனி வீட்டுலேர்ந்து ஆரம்பிக்காத. ஏ3 பேப்பர படுக்க வச்சு, 1:100 ஸ்கேல்ல 360 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடு, அஞ்சு வீடு, வீட்டுக்கு 72. இப்ப முழு நீளத்தையும் 24 மில்லி வீதம் பதினஞ்சு கட்டமா பிரி, கட்டத்துக்கு ஒரு ஜன்னல், அகலம் 11, சொவரு 13. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கற பொதுச்சொவரு அந்த 13க்குள்ளயே மறைஞ்சுரும், முன்னாடிலேர்ந்து பாத்தா எங்க ஒரு வீடு முடியுதுன்னே தெரியாது, மேல சிம்னிய பாத்து தான் எண்ணணும். ஏன் அஞ்சு வீடு, ஆறு ஏன் இல்லன்னு தம்பி கேட்டான், நல்ல கேள்வி லா. ஆறு போட்டா நட்டநடுவுல சொவரு வந்து நிக்கும், அஞ்சுக்கு நடுவுல ஜன்னல் வரும், அதுக்கு மேல பெடிமெண்ட், அதாவது முக்கோண முகப்பு, வச்சா தான் கண்ணுக்கு ஒக்காரும். கதவு ஓரக் கட்டத்துல வரட்டும், நடு வீட்டுக்கு மட்டும் நடுவுல வை. கதவுக்கு மேல விசிறி மாதிரி அரைவட்டக் கண்ணாடி மறந்துராத.

ஒசரம் தான் முக்கியம். தரைமாடி 34, மொத மாடி 38, ரெண்டாவது 28, உச்சி 20. இது என்னோட கணக்கு, கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் பரவால்ல, ஆனா மொத மாடி ஜன்னல் ஒசரம் அகலத்த போல ரெண்டு மடங்கு, 22, அத மட்டும் விட்டுக்குடுக்காத. தரையில 19, ரெண்டாவதுல 16, உச்சியில 11, அதாவது சதுரம். ஏன்னா விருந்தாளிங்கள ஒக்கார வச்சு பெருமை காட்டுற ஹால் மொத மாடியில தான், வேலக்காரங்க தூங்கறது உச்சியில, சமையல்கட்டு தரைக்கு கீழ. நம்ம எஸ்டேட்டுல தொர பங்களா மேட்டுலயும் லயம் பள்ளத்துலயும் இருக்கும்ல, இங்க அந்த மேடு பள்ளம் முழுக்க ஒரே சொவத்துல அடங்கிருச்சு.

ஜன்னல் மேலயும் கீழயும் தள்ளற சாஷ் டைப், மேல ஆறு கண்ணாடி, கீழ ஆறு. 1666ல லண்டன் எரிஞ்சதுக்கு அப்புறம் தீக்கு பயந்து சட்டத்து மேல சட்டம் போட்டாங்க, 1709லேர்ந்து ஜன்னல் மரத்த சொவத்து முகத்துலேர்ந்து நாலு இஞ்ச் உள்ள தள்ளி வைக்கணும்னு ஆச்சு. நாலு இஞ்சுன்னா நம்ம ஸ்கேல்ல ஒரு மில்லி. 2பி பென்சில்ல ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேல் ஓரத்துலயும் எடது ஓரத்துலயும் அந்த ஒரு மில்லி நெழல போட்டு பாரு, செத்துக் கெடந்த படம் எந்திரிச்சு நிக்கும். கூரைய காட்டாத, அது பாராப்பெட்டுக்கு, அதாவது உச்சியில எழுப்புற குட்டச் சொவத்துக்கு, பின்னாடி. வாசல்ல இரும்புக் கம்பி வேலி, அதுக்கு அந்தப் பக்கம் அடிமாடிக்கு வெளிச்சம் போற பள்ளம், அதத் தாண்டித் தான் கதவுக்கே போகணும்.

கை வரலன்னா நம்ம டவுன் பழைய கடை வரிசைக்கு எதுத்தாப்ல கோப்பி ஓ வாங்கிட்டு ஒக்காரு. கீழ அஞ்சடி (கடைக்கு முன்னாடி கூரை போட்ட நடைபாதை) இருக்கறதால வாசல் வேற மாதிரி, ஆனா மேல பாரு, கடைக்கு மூணு ஜன்னல், நடுவுல ஒட்டுத்தூணு, பாராப்பெட்டுல ஆலங்கன்னு மொளச்சு சுண்ணாம்பு பூவ பொளந்துக்கிட்டு நிக்கும். அந்த மூணு ஜன்னல் தாளத்த கையில ஏத்திக்கிட்டு வந்து வரை.

பின்பக்கம் கேட்டா பயப்படாத. இங்கிலாந்துல பாத்ங்கற ஊர்ல இருக்கற ராயல் கிரெசண்ட்ங்கற வளைஞ்ச வீட்டு வரிச, 1767லேர்ந்து 1774 வரைக்கும் கட்டுனது, முன்னாடி முப்பது வீட்டுக்கும் சேத்து 114 தூணு ஒரே சீரா வளையும். பின்னாடி போனா ஒண்ணு நீட்டிக்கிட்டு ஒண்ணு உள்ள போயி, ஆளாளுக்கு இஷ்டத்துக்கு கட்டிருக்காங்க, ஏன்னா வாங்குனவங்க முகப்புல ஒரு துண்ட வாங்கிட்டு உள்ள அவங்கவங்க சொந்த ஆள வச்சு தான் கட்டுனாங்க. அதுனால பின்பக்கத்துக்கு ஸ்கேல தூக்கி வச்சிட்டு கைபோன போக்குல வரையலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது.