கண்ணாடியை நிறுத்தினேன், கார் ஓடியது

என் பழைய லேப்டாப்பில் கார் ரேஸ் கேம் நேர்ரோட்டில் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம் காட்டும். வளைவில் நாலைந்து கார்கள் சேர்ந்தால் பட்டென்று 30. முப்பந்தல் காற்றில் பைக் ஓட்டிப் பழகியவனுக்கு, ஸ்டீயரிங் தாமதமாகத் திரும்புவது உடனே கைக்குத் தெரியும்.

ஏன் சரியாக 30? திரை புதுப்பிக்கும் நேரத்தோடு சேர்த்தே படத்தை மாற்றும் வி-சிங்க் போட்டிருந்தேன். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேம் 16.7 மில்லி விநாடிக்குள் தயாராக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அடுத்த சுற்றுவரை, அதாவது 33.3 வரை காத்திருக்கும். 180 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் 1.7 மீட்டர் போய்விடும்.

பொருள்களின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரில் கை வைக்கவில்லை. கிராபிக்ஸ் மெமரி போதுமானால் அதனால் வேகம் பெரிதாகக் குறையாது. தார் ரோடு தார் ரோடாகத் தெரிவதே டெக்ஸ்சரால்தான். பாரம் வேறிடத்தில். பின்பார்வைக் கண்ணாடிக்காகக் காட்சியை இன்னொருமுறை வரைய வேண்டும். பாடியில் மின்னும் பிரதிபலிப்புக்கு ஆறு பக்கப் படங்கள். கண்ணாடியை நிறுத்தினேன், பிரதிபலிப்பையும் நிழலையும் குறைத்தேன். வேகத்தில் காட்சியை மங்கலாக்கும் மோஷன் பிளரையும் எடுத்துவிட்டேன், அது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

"மக்கா, வண்டியில மினுக்கம் போச்சே" என்றான் மார்த்தாண்டத்து மச்சான். போகட்டும். வளைவில் இப்போது 60 நிற்கிறது. அப்புறம், மழை டிராக்கில் மட்டும் பிரேம் எண்ணிக்கை இன்னும் விழுகிறது. அங்கே வி-சிங்கை அணைத்துவிடுகிறேன். திரை லேசாகக் கிழிந்து தெரியும், ஆனால் 50க்குக் கீழே போவதில்லை.